மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது

கம்மலின் திருகாணி கழன்று மிக்ஸிங் மேசைமேல் விழுந்தது. விழுந்தது சும்மா இருக்காமல் உருண்டு, வரிசை வரிசையாக நிற்கும் குமிழ்களுக்கு நடுவே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. பாட்டை நிறுத்தாமலே, கன்னம் மேசையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஒற்றைக் கண்ணால் அந்தக் குமிழ்க் காட்டுக்குள் தேடினேன். அப்போதுதான் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்த எஸ்தர் அக்காவின் குரல் கீச்சென்று என் காதில் குத்தியது.

நான் எதையும் தொடவில்லை. நிமிர்ந்தேன். கீச்சு போய்விட்டது. குரல் பதமாக, நான் மிக்ஸ் செய்து வைத்திருந்தபடியே இருந்தது. குனிந்தேன். குத்தியது. நிமிர்ந்தேன். போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது நின்று பார்த்திருந்தால், இந்தப் பிள்ளை மேசைக்கு விழுந்து விழுந்து கும்பிடு போடுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்தக் கீச்சைத்தான் அந்த வாரம் முழுக்க எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாடினவரின் வீட்டுக்காரர் சொன்னார், மைக் செட் கடைக்காரர் சொன்னார், என் முதலாளி சொன்னார். எனக்கு மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்டுவிட்டது. பாட்டில் இருந்த கோளாறு என் நாற்காலிக்கு மட்டும் தெரியாமல் போனதற்குக் காரணம் என் கன்னத்துக்குக் கீழே சில்லென்று கிடந்தது. மேசைதான்.

இதை இப்போது எழுதக் காரணம் வாசுதேவநல்லூரில் வீட்டு அறைக்குள் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி. எங்கள் மாவட்டத்து சவுண்டுக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் அவன் கேட்டிருந்தான்: "எக்கா, இப்பம் எல்லாரும் ஹெட்போன மாட்டி லேப்டாப்புலயே மிக்ஸ் பண்ணுதோம். மேசை, ஸ்பீக்கர்னு எதுக்கு அலையணும்? உங்க அனுபவத்த எழுதுங்களேன். ரிட்டயர்டு ஆனவங்கதான இதெல்லாம் எழுதுவாங்க."

"ஏலே, எனக்கு வயசு முப்பத்தி மூணு."

"ஆனா ரிட்டயர்டுதானக்கா?"

ஆமாம், ரிட்டயர்டுதான். இடது காது போய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். திருநெல்வேலியில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். வங்கிப் பரீட்சை எழுதச் சொன்ன அப்பாவுக்குச் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே சென்னையில் ஒலிப்பதிவுப் படிப்பு. அங்கே பெரிய ஸ்டுடியோ ஒன்றில் வயர் சுருட்டினேன். காபி வாங்கி வந்தேன். மறுபடி வயர் சுருட்டினேன். தென்காசியில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்ட அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். அடுத்தவன் மிக்ஸைப் பின்னால் நின்று கேட்பது எனக்குப் போதவில்லை. நாற்காலி வேண்டும். அவ்வளவுதான்.

நாற்காலி கிடைத்தது. பாத்திரக் கடைக்கு மேலே மாடி. கீழே ஒரு குடம் கை தவறி விழுந்தால் மேலே ரெக்கார்டிங் நின்றுவிடும். கோவில் பாட்டு, சர்ச் பாட்டு, கும்மி, குற்றாலம் சீசனுக்குக் கடை விளம்பரம், எலெக்‌ஷன் வந்தால் இரண்டு கட்சிக்கும் மாறி மாறி. எல்லாம் அந்த மாடியில்தான். முதலாளி சண்முகம் அண்ணாச்சி. சென்னையில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து அவர் ஆசை ஆசையாக வாங்கி வந்த மிக்ஸிங் கன்சோலுக்குத்தான் எங்களிடம் பெரிய மேசை என்று பெயர். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அத்தனை அகலம். மாடிப்படி வழியே ஏறாது என்று தெருப்பக்கம் கயிறு கட்டி ஏற்றி, அறைக்குள் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு முன்சுவரைக் கட்டினார்கள். கதவு வழியே அது வெளியே போகவே முடியாது. நான் வேலைக்கு வந்த காலத்தில் மிக்ஸிங் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போயாயிற்று. மேசையின் குமிழ்களில் முக்கால்வாசி எதற்கும் இணைப்பு இல்லாமல் சும்மா நின்றன. ஆனாலும் பாட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அண்ணாச்சி காலையில் வந்ததும் மஞ்சள் துணியால் அதைத் துடைத்து, பத்தி பொருத்திவிட்டுத்தான் ஏசியைப் போடுவார். அதன்மேல் டீ கிளாஸ் வைத்தால் தீர்ந்தது கதை.

அண்ணாச்சி பாட்டுக் கேட்கும் விதம் தனி. உள்ளே வந்து உட்கார மாட்டார். என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வாசல்படியில், அவரும் எனக்கு முதுகு காட்டி, மாடிப்படியைப் பார்த்து நிற்பார். முதுகோடு முதுகாக இரண்டு பேரும் ஒரு பாட்டை முழுக்கக் கேட்போம். முடிந்ததும் திரும்பாமலே தீர்ப்புச் சொல்வார். பாட்டு என்று சொல்ல மாட்டார். பிள்ளை என்பார். "பிள்ள நல்லாருக்கா." "பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கும்மா, என்னன்னு பாரு." "பிள்ளைக்குப் பவுடர் ஜாஸ்தி." எந்த இடத்தில், எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. "நாற்காலியில இருக்கவ நீ. நீதான் பாக்கணும்."

ஒரே ஒரு தடவை, இங்கே வந்து உட்கார்ந்து கேளுங்கள் என்று கூப்பிட்டேன். "அது உன் இடம்லா" என்று சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரு காதுக்கு ஒன்றாகக் குறி வைத்துப் பார்க்கிற இடம் ஒரு அறையில் ஒன்றுதான் இருக்கும். அங்கே ஒரு தலைக்குத்தான் இடம். அங்கே கேட்பது, பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருகிறவருக்குக்கூடக் கேட்காது. நாள் முழுக்க ஆட்கள் வந்துபோகிற இடத்தில், மதியச் சோற்றைக்கூட நாலு பேரோடு தின்கிற இடத்தில், நான் கேட்ட எதையும் வேறொருவர் அப்படியே கேட்டதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது.

எஸ்தர் அக்கா வந்தது ஒரு சீசன் நேரம். சாரல் பிடித்துக்கொண்டு ஊரே குளிர்ந்து கிடந்தது. வாசுதேவநல்லூரில் அவர்களுக்கு அரிசிக்கடை. கடையைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் தங்கராஜ் அண்ணன். அக்கா ஆலயத்தில் பாடுவார். பாட்டையும் அவரே கட்டுவார். கழுத்தில் தைராய்டு கட்டி. அடுத்த திங்கட்கிழமை திருநெல்வேலியில் ஆபரேஷன். குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"பயப்படாதன்னு சொன்னா கேக்க மாட்டேங்கா" என்றார் தங்கராஜ் அண்ணன். "அதுக்கு முன்னால அஞ்சு பாட்டையும் பதிஞ்சு, இவளே காதால கேட்டு, சரின்னு சொல்லிட்டுப் போகணுமாம். கேக்காம ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டாளாம்."

"நீங்க ஏன்ணே பயப்படுதீங்க?" என்றேன்.

"நானா? நான் எங்க பயந்தேன்?" என்றார். கையில் இருந்த வாட்டர் பாட்டிலைத் திறக்கவும் மூடவுமாக இருந்தார்.

அக்காவின் குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுகிற மாதிரி நேராக வரும். நான்கு பாட்டு தடங்கல் இல்லாமல் முடிந்தது. ஐந்தாவதில் முதல் சரணம் முடிந்து, இரண்டாவதுக்கு மூச்சை நன்றாக இழுத்தார், இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துப் பார்த்தார். மறுபடி இருமல். "போதும்மா, இத விட்டுரு. நாலு நல்லா வந்துட்டுல்லா" என்று சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்தார். கண்ணாடி வழியே பார்த்தேன். கழற்றி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

மிக்ஸ் செய்ய உட்கார்ந்தேன். நாற்காலியில் அக்காவின் குரல் நடுவில் வெறுமையாகக் கேட்டது. முகம் தெரிகிறது, மூக்கு இல்லை என்கிற மாதிரி. அந்த இடத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். போதவில்லை. இன்னும் ஏற்றினேன். குரல் முன்னால் வந்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் பாட்டுக்குப் பரீட்சை ஸ்டுடியோவில் இல்லை. மைக் செட் கடையில் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பார்கள். கோவில் கொடையோ சர்ச் அசன விருந்தோ, குழாயில் நின்றால்தான் பாட்டு. தங்கராஜ் அண்ணன் போட்டுப் பார்த்துவிட்டு நேராக மாடி ஏறி வந்தார்.

"எம்மா, தப்பா நினைக்காத. இது எஸ்தர் இல்ல."

"அண்ணே, அக்காதான பாடுனாங்க?"

"பாடுனது அவதான். குழாயில வந்தது அவ தங்கச்சி மாதிரி இருக்கு. அவளுக்கு எங்கிட்ட எப்பவுமே கோவம், அந்தக் குரல்ல கத்துதா."

அண்ணாச்சி வாசல்படியில் முதுகு காட்டி நின்று கேட்டார். "பிள்ள கூப்பாடு போடுதும்மா."

நான் நாற்காலியில் கேட்டேன். பதமாக இருந்தது. அடுத்த நாளும் கேட்டேன். பதமாகவே இருந்தது. ஒரே பாட்டு அவர்களுக்கு ஒரு விதம், எனக்கு ஒரு விதமா? குழாய்தான் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சியின் வயதுக் காது என்றுகூட மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் ஒரு கீச்சைக் கேட்கிறார்கள், நான் மட்டும் கேட்கவில்லை. பேய் தெரிகிறது என்று ஊரே சொல்லும்போது ஒருத்திக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் அது நிம்மதி இல்லை. அப்படித்தான் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் இருந்தவர் செல்போனில் யாரோ பாடியதுகூட எனக்கு மட்டும் வேறாகக் கேட்கிறதோ என்று சந்தேகம் வந்தது.

அப்போதுதான் திருகாணி விழுந்தது.

நடந்தது இதுதான். ஸ்பீக்கர்கள் மேசையின் பின்விளிம்பில் நின்றன. ஒலி அங்கிருந்து நேராக என் காதுக்கு வருகிறது. அதே ஒலியில் ஒரு பங்கு கீழே மேசையில் மோதி, ஒரு சாண் தூரம் கூடச் சுற்றி, கொஞ்சம் பிந்தி வருகிறது. இரண்டும் காதில் சேரும்போது சில சுருதியில் ஒன்றை ஒன்று தூக்கிவிடும், சில சுருதியில் ஒன்றை ஒன்று அடித்துப்போடும். அடிபட்ட இடத்தில் குழி. அந்தக் குழி சரியாக எஸ்தர் அக்காவின் குரல் நிற்கிற இடத்தில் விழுந்திருந்தது. நான் குழியை நிரப்பினேன். குழி இருந்தது மேசையில். நான் நிரப்பியது பாட்டில். மேசை இல்லாத இடத்துக்குப் பாட்டு போனதும், நிரப்பின மண் எல்லாம் மேடாக நின்று கத்திவிட்டது. கன்னத்தை மேசையில் வைத்தபோது இரண்டு வழிக்கும் தூர வித்தியாசம் இல்லாமல் போய், குழி மறைந்து, மேடு மட்டும் எனக்கும் கேட்டது.

கைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து மேசைமேல் படுக்க வைத்தேன். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கண்ணாடியை மெல்ல மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கரின் முகம் தெரிந்தது. ஒலி மோதித் திரும்புகிற இடம் அதுதான். கண்ணுக்குத் தெரிகிற வழியில்தான் அதுவும் வரும்.

அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "எம்மா, பொட்டு வைக்கதுக்கு என் மேசைதான் கெடைச்சுதா?"

"அண்ணாச்சி, உங்க துண்டக் குடுங்க."

சீசனில் தினமும் விடிந்ததும் குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் கடைப்பக்கம் வருவார். தோளில் துண்டு இருக்கும். பைக்கில் வருகிற காற்றில் காய்ந்திருக்கும். அதை வாங்கி, கண்ணாடி இருந்த இடத்தில் நாலாக மடித்துப் போட்டேன்.

"குளிச்ச துண்டு! மேசையில!" என்றார் அண்ணாச்சி.

துண்டு கொஞ்சம் உதவியது. உச்சியில் இருந்த கூர்மையை அது தின்றது. நடுவில் இருந்த பெரிய குழி அப்படியே இருந்தது. அந்தக் குழிக்கு ஒரு துண்டு எம்மாத்திரம். ஸ்பீக்கருக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி உயர்த்தினேன். குழி போகவில்லை, கீழே இறங்கி இன்னொரு இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஸ்பீக்கரை மேசையை விட்டு இறக்கி, அதற்குப் பின்னால் தள்ளி வைத்தால், மோதுகிற இடம் மேசை விளிம்பைத் தாண்டிப் போய்விடும். ஆனால் பின்னால் சுவர். மேசையைத்தான் முன்னால் இழுக்க வேண்டும்.

"அண்ணாச்சி, மேசைய ரெண்டு முழம் இழுக்கணும்."

"சுவருக்கு முன்னாடியே வந்தது மேசை. அத நகத்தணும்னா மொதல்ல என்னைய நகத்து."

"திங்கக்கெழம ஆபரேஷன் அண்ணாச்சி. அக்கா கேக்கணும்."

"கேக்கட்டும். யாரு வேண்டாம்னா? அடியில எத்தன வயரு தரைக்குள்ள போகுதுன்னு தெரியுமா? இழுத்தா ஒண்ணு மாத்தி ஒண்ணு அந்துரும். இத்தன வருசமா இந்த மேசையில பண்ணுன பாட்டெல்லாம் தப்பா அப்பம்?"

அந்தக் கேள்விதான் நடுவில் இருந்தது. பதில் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் மேசை இருந்திருக்கிறது. பிள்ளைக்குச் சளி என்று அவர் சொன்னபோதெல்லாம் அது மேசையின் சளி. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மேசை நகராது. சரி, நான் நகர்ந்தால் என்ன? எதிர்ப்பக்கம் ஆட்கள் உட்காருகிற சோபா கிடந்தது. அதை ஓரமாக இழுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர் இரண்டையும் என் எதிரே காலித் தரையில் நிறுத்திவிட்டால் ஒலி மோத நடுவில் ஒன்றுமே இல்லை. ஆட்டம் இல்லாத ஸ்டாண்டுதான் இல்லை. தங்கராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அரிசி மூட்டை வேணும். காது உயரத்துக்கு அடுக்கணும். ரெண்டு அடுக்கு."

"எம்மா, ஸ்டுடியோவுலயா?"

"ஆமாண்ணே. ஆடாம இருக்கும், ஒலியும் மோதித் திரும்பாது."

"பொன்னி போதுமா, இல்ல பச்சரிசிதான் வேணுமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றைக்கு வரை தெரியாது.

சுமட்டுக்காரரோடு அவரும் சேர்ந்து சுமந்து மாடி ஏறினார். கீழே பாத்திரக் கடையில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி, மேல கல்யாண சமையலா? அண்டா எடுத்து வைக்கட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சி விறுவிறுவென்று மேலே வந்தார். சோபா இருந்த இடத்தைப் பார்த்தார். மூட்டைமேல் நின்ற ஸ்பீக்கர்களைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"மேசைக்கு முதுகக் காட்டி உக்காந்துட்டியேம்மா" என்றார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தம் போடவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

வேலையைத் தொடங்கினேன். நான் ஏற்றி வைத்த மேட்டை எல்லாம் இறக்கினேன். இறக்க இறக்க எஸ்தர் அக்கா வந்தார். கடைசியில் அந்த இடத்தில் நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. குரல் தானே நின்றது. எத்தனை வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அங்கே ஒரு குரலை முதல்முதலாகக் கேட்டேன். திரும்பி யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பினால் மேசைதான் இருந்தது. எதிரே வாசல்படி. இப்போது நான் அதைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அங்கே ஆள் இல்லை.

மூன்றாவது பாட்டு ஓடும்போது படியில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி வந்தார். உள்ளே பார்க்கவில்லை. வழக்கம்போலத் திரும்பி, முதுகு காட்டி நின்றார். எத்தனையோ பாட்டு இப்படிக் கேட்டிருக்கிறோம். அவர் கேட்கும்போது எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததே இல்லை. வலது கை கதவு நிலையில் தாளம் போட்டது. சரணம் மேலே ஏறும் இடத்தில் குதிகால் தரையை விட்டு எழும்பியது. பாட்டு முடிந்தது.

"பிள்ளைக்குச் சளி போயிட்டு" என்றார். திரும்பாமலேதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து அக்காவும் அண்ணனும் வந்தார்கள். அக்காவை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த நாற்காலியில் நான் உட்கார வைத்த முதல் ஆள் அவர். ஓரத்தில் கிடந்த சோபாவில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன கேட்கிறது என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எனக்குத் தெரியாது.

"இதான் நானு" என்றார் அக்கா. பிறகு, "மூச்சு வாங்குதது கூடக் கேக்குதே. அத மட்டும் எடுத்துரலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் தங்கராஜ் அண்ணன் சொன்னார்: "ஏட்டி, மூச்ச எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு? சும்மா கெட."

அக்கா முதல் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் இறங்கிப் போயிற்று. பேசலாம், கூப்பிடலாம், பாடுவதில்லை. அந்த வருஷத்து அசனத்துக்கு ஆலயத்தில் குழாய் கட்டி நாலு பாட்டையும் போட்டார்களாம். தங்கராஜ் அண்ணன் போனைக் குழாய்ப் பக்கம் நீட்டிப் பிடித்து எனக்குக் கேட்க வைத்தார். இரைச்சலுக்கு நடுவே சரியாகத்தான் வந்தது.

அதன் பிறகு அண்ணாச்சி மேசையை நகர்த்தவும் இல்லை, மூட்டை அடுக்கைக் கலைக்கவும் இல்லை. அரிசிக்குப் பதில் மணல் நிரப்பிய சாக்கு வந்தது, அவ்வளவுதான். ஆட்கள் மேசை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் அதற்கு முதுகு காட்டி வேலை பார்த்தேன். வாசல்படியில் அவர் எனக்கு முதுகு காட்டிக் கேட்டார். கொஞ்ச வருஷம் அப்படிப் போனது. என் தொழிலில் நல்ல காலம் என்றால் அதுதான்.

போன வருஷம் ஒரு காலையில் எழுந்தேன், இடது காது இல்லை. வலி இல்லை, சத்தம் இல்லை. வைரஸாக இருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. வரவில்லை. ஒரு காதை வைத்துக்கொண்டு இடது எது வலது எது என்று பிரித்து மிக்ஸ் செய்ய முடியாது. அண்ணாச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாற்காலி இங்கனதான் கெடக்கும்" என்றார்.

குற்றாலத்தில்தான் வீடு. அப்பா இல்லை. அம்மா கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில். சீசனில் தண்ணீர் நிறைய விழும்போது இரைச்சல் ஜன்னல் வரைக்கும் வரும். இந்தத் தடவையும் வந்தது. ஆனால் அருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இருக்கிற வீட்டில் நடு அறையில் நின்றுகொண்டு, கண்ணை மூடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் வலது பக்கமாகவே இருந்தது. ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும் என்று நினைத்திருந்தேன். குறைந்தது சத்தம் இல்லை, இடம். ஒரு பொருளும் ஓரிடத்தில் இல்லை.

போன வாரம் சமையல் மேடையில், கருப்புக் கல்மேல், செல்போனை வைத்திருந்தேன். எஸ்தர் அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். குரலின் நடுவில் குழி. பளிச்சென்று தெரிந்தது. குனிந்தேன். போனது. நிமிர்ந்தேன். வந்தது. கத்தியை வைத்துவிட்டேன். இரண்டு காது இருந்தபோது ஒன்றின் குழியை மற்றது கொஞ்சம் மூடிக்கொடுத்து, என்னைச் சமாதானம் செய்துவந்திருக்கிறது. இப்போது மூட ஆள் இல்லை. குழி குழியாகவே தெரிகிறது. மேசையை நான் இவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை.

ஆக, வாசுதேவநல்லூர் தம்பி, உன் கேள்விக்குப் பதில்: ஹெட்போனில் மேசை இல்லைதான். ஆனால் உன் பாட்டைக் கேட்கிறவர்கள் ஹெட்போனுக்குள் குடியிருக்கவில்லை. சமையல் மேடையிலும் குழாய்க்குக் கீழேயும் இருக்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய, நீ ஒரு தடவையாவது குனிந்து நிமிர வேண்டும்.

மெசேஜை மறுபடி போட்டேன். இந்தத் தடவை அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"கோமதி, அந்த அஞ்சாவது பாட்டு பாதியில கெடக்குல்லா. வீட்டுல யாரும் இல்லாதப்பம் மெதுவாப் பாடிப் பாக்குதேன். குரல் ஆம்பளக் குரல் மாதிரி கெடக்கு. ஆனா பாடுது. ரெண்டாஞ் சரணத்த இந்தக் குரல்லயே பாடி ஒட்டிரலாமா?"

உடனே போன் பண்ணினேன். "அக்கா, எனக்கு ஒரு காதுதான் இப்பம்."

"எனக்கு மட்டும் முழுத் தொண்டையா இருக்கு? நீ வாட்டி."

யோசித்துப் பார்த்தேன். ஒரு குரல், ஒரு ஸ்பீக்கர். குழாயில் போடப்போகிற பாட்டுக்கு இடது ஏது, வலது ஏது? வலது காதை ஸ்பீக்கருக்கு நேராகத் திருப்பி, பக்கவாட்டில் உட்கார வேண்டியதுதான். செய்யலாம். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"மேசைக்கு முதுகா, முகமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. இந்தத் தடவ சைடு."

"அது வேறயா" என்றார். சோபா இழுபடுகிற சத்தம் போனிலேயே கேட்டது. மணல் சாக்கு ஓட்டை விழுந்துவிட்டதாம், மறுபடி அரிசிதானாம். தங்கராஜ் அண்ணனிடம் சொன்னேன்.

"போன தடவ மாதிரி ரெண்டு அடுக்காம்மா?"

"ஒண்ணு போதும்ணே."

நாளைக்குக் காலையில் போகிறோம். பழைய பதிவைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் சரணத்தின் முடிவில், இருமலுக்கு முன்னால், எஸ்தர் அக்கா இரண்டாவது சரணத்துக்காக இழுத்த மூச்சு அதில் அப்படியே இருக்கிறது. இருமலை வெட்டிவிடுவேன். மூச்சை விட்டுவிடுவேன். அந்தப் பழைய மூச்சில் இந்தப் புதுக் குரல் பாட எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.